சம்பா முடிந்ததும் வருகிறேன்

பர்ர்ரென்று டேப் கிழிபடும் சத்தம் உள்ளறையிலிருந்து வந்தது. கொஞ்சம் நின்றது. மறுபடியும் பர்ர்ர்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த விஜயலட்சுமிக்கு அந்தச் சத்தம் புதிதல்ல. வருஷா வருஷம் கேட்பதுதான். சுண்டைக்காய் வற்றலும் பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் அட்டைப் பெட்டிக்குள் போய், பெட்டியின் வாயைப் பழுப்பு டேப் அடைத்துவிட்டால், அவள் கணவர் தியாகேசனின் ஒரு மாத லீவு முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஆறு மணிக்குக் கார் வரும். திருச்சிக்குப் போய் விமானம் ஏறினால் மஸ்கட். அதன் பிறகு இந்தத் தஞ்சாவூர் வீட்டில் அவளும் மின்விசிறிச் சத்தமும்தான்.

"விஜி, கத்திரிக்கோலை எங்க வச்சே?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"உங்க கையில இருக்கான்னு பாருங்க."

"இருக்கு" என்றார் தியாகேசன்.

விஜயலட்சுமி சிரித்துக்கொண்டாள். மற்ற வருஷமாக இருந்தால் இந்நேரம் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு அழுதிருப்பாள். இந்த வருஷம் அழவில்லை. இது கடைசிப் பெட்டி. தை பிறந்து அறுப்பு முடிந்ததும் அவள் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுக்கப்போகிறாள். மாசியில் மஸ்கட். அங்கே அவர் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார். சின்ன வீடுதான், ஆனால் பால்கனியில் இரண்டு நாற்காலி போடலாமாம். போனில் அதைச் சொல்லும்போதெல்லாம் "ரெண்டு நாற்காலி" என்பதை மட்டும் அழுத்திச் சொல்வார்.

கல்யாணம் ஆன புதிதில் வாழ்க்கையை நிமிர்த்திக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று போனவர். போன இடத்தில் கட்டடக் கம்பெனி சூப்பர்வைசராகி, அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை இருவரும் என்றைக்கோ விட்டுவிட்டார்கள். அவளுக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. இந்த வீட்டின் சமையலறைக் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும். வேலைக்காரம்மா கூட ஒருமுறை பேட்டரி மாற்றட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டாள் விஜயலட்சுமி. அது மஸ்கட் நேரம். அவர் இப்போது எழுந்திருப்பார், இப்போது சாப்பிடப் போவார் என்று அடுப்பு முன்னால் நின்றபடியே தெரிந்துகொள்ளலாம்.

இத்தனை ஏக்கத்தை வைத்துக்கொண்டு ஏன் இத்தனை காலம் போகவில்லை என்று உறவில் கேட்காதவர்கள் இல்லை. அதற்கு அவள் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

விஜயலட்சுமி பிறந்தது கீழ்வேளூர்ப் பக்கம். அவள் பிறந்த வருஷம் அவர்கள் வயலில் நெற்கதிர்களுக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாக உருண்டைகள் கட்டியிருந்தன. நெற்பழம் என்பார்கள். நெற்பழம் வந்தால் அந்த வருஷம் விளைச்சல் கொட்டும், வயலுக்கு மகாலட்சுமி வந்துவிட்டாள் என்பது அங்கே எல்லாரும் நம்பிய நம்பிக்கை. அவள் அப்பா அந்த உருண்டைகளைத் தாம்பாளத்தில் வைத்து, குங்குமம் தூவி, சாமி படத்தின் கீழே வைத்தார். வயலுக்கு ஒரு லட்சுமி, வீட்டுக்கு ஒரு லட்சுமி என்று சொல்லிப் பிள்ளைக்கும் அந்தப் பேரையே வைத்தார்.

கோயம்புத்தூரில் விவசாயக் கல்லூரியில் படிக்கும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, அது பூஞ்சாண நோய் என்று. நெல்மணி இருக்க வேண்டிய இடத்தில் பூஞ்சாணம் உட்கார்ந்து உருண்டை கட்டுகிறது. நல்ல மழையும் ஈரமும் இருந்தால் பயிரும் செழிக்கும், பூஞ்சாணமும் செழிக்கும். இரண்டையும் ஒன்றாகப் பார்த்த ஜனங்கள் நோயையே கும்பிட்டுவிட்டார்கள். லீவில் ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். அவர் வெற்றிலையை மென்றபடி, "அப்ப உனக்கு வியாதிப் பேரையா வச்சிருக்கேன்? சரி விடு, பேரை மாத்த வேணாம். வியாதியை மாத்து" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் அவளைப் பயிர் நோயியலில் கொண்டுபோய் விட்டது.

படிப்பு முடித்து ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, டெல்டா கிராமங்களுக்குப் போக ஆரம்பித்த காலத்தில் யாரும் அவளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இலையில் ஒரு புள்ளி தெரிந்தால் கடைக்கு ஓடி மருந்து வாங்கி அடிப்பது, அடுத்த வாரம் இன்னொரு மருந்து. அதுதான் வழக்கம். இவளோ, யூரியாவை ஒரே தடவையாகக் கொட்டாதீர்கள், வரப்பில் இருக்கிற புல்லை வெட்டுங்கள், நோய் அந்தப் புல்லில்தான் குடியிருக்கிறது, விதையை நல்ல பாக்டீரியாத் தூளில் கலந்து விதையுங்கள், மருந்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"டாக்டர்னா ஊசி போடணும்மா. பத்தியம் மட்டும் சொல்ற டாக்டரை எங்க ஊர்ல நம்ப மாட்டாங்க" என்று ஒருவர் சொல்லக் கூட்டமே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குப் பயிர் டாக்டரம்மா என்று பேர் விழுந்துவிட்டது. முதலில் கேலியாக. பிறகு, வருஷம் போகப் போக, நிஜமாகவே.

பாபநாசத்தில் உரக்கடை வைத்திருக்கும் காதர் மைதீன் அவளைப் பார்த்தால் கல்லாவிலிருந்து எழுந்து நிற்பார். "வாங்க மேடம். நீங்க இந்தப் பக்கம் வந்துட்டுப் போனா ஒரு வாரம் நான் ஈ ஓட்டறேன். பரவாயில்லை, டீ சாப்பிட்டுப் போங்க" என்பார். ஆனால் அவளுடைய பாக்டீரியாத் தூளைக் கடையில் முன்வரிசையில் வைத்தவரும் அவர்தான்.

அவள் வேலை பார்க்கும் விதம் தனி. பனி காயும் முன்னே வயலில் இருப்பாள். வரப்பில் குந்தி உட்கார்ந்து, ஓர் இலையை வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பாள். குலை நோய் என்றால் புள்ளி மனிதக் கண் மாதிரி இருக்கும். இரண்டு முனையும் கூராக, ஓரம் பழுப்பாக, நடுவில் சாம்பல். "நம்மையே முறைச்சுப் பார்க்கும்" என்பாள். இரவு வீட்டுக்கு வந்தால் போனில் இலைப் படங்கள் வந்து குவிந்திருக்கும். ஒவ்வொரு படத்திலும் இலையோடு யாரோ ஒருவருடைய சேறு படிந்த கட்டைவிரலும் இருக்கும். தியாகேசன் வீடியோவில் கூப்பிடும்போதும் அவள் கையில் இலை இருக்கும்.

"உன் முகத்தைப் பார்க்கணும்னு கூப்பிட்டா இலையைக் காட்டறியே விஜி. இலையையா கட்டிக்கிட்டேன் நான்?" என்பார்.

"முகம் எங்க போயிடப் போவுது. இந்தப் புள்ளியைப் பாருங்க" என்பாள். பேசி முடித்த பிறகு இருட்டான திரையில் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். அதை அவர் அறியமாட்டார்.

ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தால் போதாது, நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். அவளும் அதைத்தான் விரும்பினாள். அதற்குத் திருக்காட்டுப்பள்ளியை எடுத்துக்கொண்டாள். காவிரிக் கரை. மார்கழியில் ஆற்றிலிருந்து கிளம்பும் பனி வயல்மேல் வந்து படுத்துக்கொள்ளும். குலை நோய் தவறாமல் வரும் இடம். அங்கே தியாகேசனுக்குப் பூர்வீக நிலம் இருந்தது. துரைராசு என்பவர் பல வருஷமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். அவரைச் சம்மதிக்க வைத்து, அந்த நிலத்தில் மருந்தே அடிக்காமல் நாலு சம்பா எடுத்துப் பார்ப்பது என்று ஆரம்பித்தாள். மூன்று சம்பா நன்றாக முடிந்தது. இது நாலாவது. இதிலும் எத்தனை கதிர் நோயில் போகிறது என்று எண்ணி எழுதிவிட்டால், இந்த வழியை நம்பலாமா கூடாதா என்று டெல்டா முழுக்கச் சொல்லிவிடலாம். அதன்பின் அவளுக்கு இங்கே வேலை இல்லை. மனசுக்கு ஒரு நிம்மதியோடு பெட்டி கட்டலாம்.

"சம்பா முடிஞ்சதும் வந்துடறேங்க" என்று அவள் சொன்ன அன்றைக்குத் தியாகேசன் போனில் பேசவே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

வாசலில் டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. துரைராசு. ஒரு கையில் தேங்காய் மூட்டை, இன்னொரு கையில் ஈரச் சாக்கில் சுற்றிய நெற்பயிர். வயது அறுபதைத் தாண்டியும் ஆள் நிமிர்ந்து நடப்பார்.

"தம்பி கிளம்பியாச்சா? தேங்காய் உரிச்சுக் கொண்டாந்திருக்கேன். ஏரோபிளேன்ல ஏத்துவானா?"

"ஏத்துவாங்கண்ணே. அவரை இறக்கிட்டு ஏத்துவாங்க. உட்காருங்க" என்றாள் விஜயலட்சுமி.

சாக்கைப் பிரித்து, செய்தித்தாள் விரித்து, பயிரை ஒவ்வொன்றாக அடுக்கினாள். போன பத்து நாளாக அவளுக்குக் கீழ்வேளூர்ப் பக்கம் பயிற்சி முகாம். வயலைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் துரைராசுவை எடுத்துவரச் சொல்லியிருந்தாள். முகாமுக்குப் போகும் முன் பார்த்தபோது இலைகளில் கண்கள் திறக்க ஆரம்பித்திருந்தன. பிறகு வந்ததோ கொட்டுகிற பனி. என்ன ஆகியிருக்குமோ தெரியவில்லை.

பழைய புள்ளிகள் அப்படியே காய்ந்து கிடந்தன. புது இலையில் ஒரு புள்ளி இல்லை. கதிரின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். சுத்தம். இன்னொன்று. அதுவும் சுத்தம். லென்ஸை எடுத்து மறுபடி பார்த்தாள். நோய் நடுவழியில் நின்றுபோயிருந்தது.

விஜயலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை பனியில் பயிர் தானாகத் தாங்கிக்கொண்டது. இருபது வருஷத்துக்கும் மேலாக ஜனங்கள் சிரிக்கச் சிரிக்க அவள் சொல்லிக்கொண்டிருந்தது, இதோ செய்தித்தாள்மேல் பச்சைப் பசேலென்று கிடக்கிறது. போகலாம். இனி நிம்மதியாகப் போகலாம். அந்த இரண்டாவது நாற்காலி அவளுக்குத்தான்.

"என்னங்க, இங்க வாங்களேன்" என்று உள்ளே பார்த்துக் கூப்பிடப் போனாள்.

"மருந்து நல்லாக் கேட்டிருக்குல்ல டாக்டரம்மா?" என்றார் துரைராசு, பெருமையாக. "எனக்குக்கூட ஆச்சரியம். நீங்களே மருந்து அடிக்கச் சொல்லிட்டீங்கன்னு தம்பி சொன்னப்ப நம்பலை. ட்ரோன்காரன் வந்தான், பத்து நிமிஷம், மொத்த நிலத்துக்கும் அடிச்சு முடிச்சிட்டுப் போயிட்டான். பக்கத்து வயல்காரன்லாம் வேடிக்கை பார்த்தான்."

விஜயலட்சுமியின் கையிலிருந்த லென்ஸ் நின்றது.

"யாரு சொன்னது?"

"தம்பிதான். நீங்க பயிற்சின்னு போயிருந்தீங்கள்ல, அப்ப." துரைராசு அவள் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து பெருமை மெல்ல வடிந்தது. "நீங்க சொல்லலையா?"

உள்ளறையில் டேப் சத்தம் நின்றிருந்தது.

"நான் வெளியில வண்டிகிட்ட இருக்கேம்மா" என்று துரைராசு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

உள்ளே தியாகேசன் கட்டின அட்டைப் பெட்டியின்மேல் கை வைத்தபடி நின்றிருந்தார். கேட்டிருக்கிறார். மறைக்கிற முகம் இல்லை அவருக்கு.

"நீ கிளம்பிப் போன மறுநாள் வயலுக்குப் போனேன் விஜி" என்றார். "புள்ளியைப் பார்த்தேன். பயிர்ல புள்ளி பார்த்தா எங்கப்பா சோத்துல கை வைக்க மாட்டாரு. அந்த ரத்தம்தானே. வரப்புல நின்னு சும்மாப் பார்த்துக்கிட்டிருக்க என்னால முடியலை."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணினா வேணாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா, சொல்லியிருப்பேன்."

"மருந்து வாங்கறப்ப காதர் மைதீன்கூடக் கேட்டாரு, மேடத்துக்குத் தெரியுமான்னு. தெரியும்னு பொய் சொன்னேன். எனக்கு வேற பயம். பயிர் போயிடுச்சுன்னா நீ இன்னொரு சம்பா பார்க்கறேன்னு இங்கயே உட்கார்ந்துடுவே. இந்தத் தடவையும் என்னைத் தனியாத்தான் அனுப்புவே. அதான்."

விஜயலட்சுமி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"பயிர் போயிருந்தா, போச்சுன்னு எழுதியிருப்பேங்க. பிழைச்சிருந்தா பிழைச்சுதுன்னு எழுதியிருப்பேன். எது நடந்திருந்தாலும் மாசியில நான் உங்ககிட்டதான் வந்திருப்பேன்."

தியாகேசன் அவளைப் பார்த்தார். பிறகு அந்த அட்டைப் பெட்டிமேலேயே உட்கார்ந்தார். உள்ளே ஏதோ நொறுங்கிய சத்தம் கேட்டது. அப்பளமாக இருக்கும். இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

"இது எனக்குத் தெரியாதே" என்றார்.

இத்தனை வருஷம் இலையைக் காட்டினாளே தவிர, எதற்குக் காட்டுகிறோம் என்று அவருக்கு உட்கார்ந்து சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விளைச்சலைக் காப்பாற்றத்தான் இவள் பாடுபடுகிறாள் என்று ஒரு விவசாயி மகன் நினைத்துக்கொண்டதில் என்ன தப்பு?

வெளியே கார் ஹார்ன் ஒலித்தது. ஓட்டி வந்தவன் ஆஸிம், எப்போதும் வருகிற பிள்ளை. "அண்ணே, ரோட்டுல டிராஃபிக்கா இருக்கு, சீக்கிரம் கிளம்புவோம்" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தான். துரைராசுவோடு சேர்ந்து பெட்டிகளைத் தூக்கிப் போனான். அறை சட்டென்று பெரிதாகிவிட்டது.

தியாகேசன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

"விஜி, யாருக்குத் தெரியும்? உனக்கு, எனக்கு, துரைராசண்ணனுக்கு. அவர் வாயைத் திறக்கமாட்டாரு. வேடிக்கை பார்த்தவங்களுக்கு அடிச்சது என்னன்னு தெரியாது. காதர் மைதீன்கிட்ட நான் பேசிக்கறேன். கதிரை எண்ணு, எழுதிக்கொடு, வந்துடு. மூணு வருஷம் உண்மையாத்தானே பண்ணினே. நாலாவதும் அப்படித்தான் வந்திருக்கும்."

அந்த எண்ணம் அவளுக்கு வராமல் இல்லை. அவர் சொல்வதற்கு முன்பே வந்துவிட்டது. செய்தித்தாள்மேல் கிடக்கும் பயிரைப் பார்த்தால் எந்த அதிகாரியும் கைகுலுக்குவார். மாசியில் அந்தப் பால்கனி. காலையில் அவர் டீ குடிக்கும் சத்தத்தை எதிரில் உட்கார்ந்து கேட்கலாம். காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைக்க ஓர் ஆள். உறக்கத்தில் புரண்டால் கை போய் விழ ஒரு தோள். இதற்கு மேல் அவள் எதைக் கேட்டாள்? ஒரு பொய்தானே. பயிருக்கு வாயா இருக்கிறது?

"வரணும்னு ஆசை இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லு" என்றார் தியாகேசன்.

"இருக்கு." அவள் குரல் உடைந்தது. "சத்தியமா இருக்குங்க."

"அப்ப வா."

விஜயலட்சுமி அவர் சட்டைப் பையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெல்லப் பேசினாள்.

"டாக்டரம்மா சொன்னாங்கன்னு எங்கயோ ஒருத்தர் மருந்து அடிக்காம இருப்பாரு. அந்த வருஷம் இதே மாதிரி பனி கொட்டும். கதிர் கழுத்து ஒடிஞ்சு, பால் பிடிக்காம, வெள்ளையா நிக்கும். பொண்டாட்டி தாலியை வச்சு நட்ட பயிரா இருக்கும். அவரு எனக்குத்தான் போன் பண்ணுவாரு. பால்கனியில உட்கார்ந்துக்கிட்டு நான் அந்தப் போனை எடுக்கணும்."

தியாகேசன் வாசல் பக்கம் பார்த்தார்.

"இந்தப் பயிர் தாங்கியிருக்குமா தாங்கியிருக்காதான்னு எனக்கே தெரியாதுங்க. தெரியாததைத் தெரியும்னு எப்படி எழுதுவேன்? நாளைக்கு ஆபீஸ்ல நடந்ததைச் சொல்லிடறேன். இன்னொரு சம்பா போடணும்."

"அப்ப அடுத்த மாசி."

"அடுத்த மாசி."

"எத்தனை மாசி இப்படிப் போயாச்சு" என்று அவர் சொன்னார். குத்தலாகச் சொல்ல நினைத்தார் போலிருக்கிறது. ஆனால் வார்த்தை வெளியே வரும்போது அழுகைபோல வந்தது. அவளுடைய கன்னத்தில் கையை வைத்துச் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். பெட்டி கட்டின கை. டேப்பின் பசை ஒட்டியது.

"ஏர்போர்ட் வரைக்கும் நானும் வரேன்" என்றாள்.

"வேணாம். அங்க வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிப்பே. என்னால முடியாது."

வாசலுக்கு வந்தார்கள். துரைராசு தலை குனிந்து நின்றார். "தம்பி, என்னால ஏதும் தப்பாயிடுச்சா?" என்றார். தியாகேசன் அவர் தோளைத் தட்டி, "உங்களால இல்லண்ணே. அடுத்த சம்பாவுல நான் வயல் பக்கம் வந்தா காலை ஒடிச்சு உட்கார வைங்க" என்றார். துரைராசு சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

தியாகேசன் செருப்பை மாட்டினார். இறங்கினவர் மறுபடி படியேறி வந்தார்.

"அடுத்த லீவு மார்கழியில கேட்க மாட்டேன்" என்றார். "நாத்து விடறப்ப கேட்கறேன். முதல்லேருந்து ஒவ்வொண்ணா எனக்குச் சொல்லு. எதுக்குச் செய்யறே, எதுக்குச் செய்யாம இருக்கேன்னு."

அவள் தலையை அசைத்தாள். கண்ணீர் தாடைவரை வந்து நின்றது.

ஆஸிம் இன்னொரு முறை ஹார்ன் அடித்தான். பொழுது சாய்ந்து தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. தியாகேசன் அவளைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார். அவள் வெளியே வரப் போனாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"உள்ள போ விஜி. கொசு வரும்" என்று சொல்லி, கதவை வெளியிலிருந்து தன் கையாலேயே இழுத்துச் சாத்தினார்.